காட்டிக் கொடுப்பதா, காப்பதா?

சித்தூரில் பௌர்ணமிதோறும் நம் அன்பர்கள் சிலர் ஒன்றுகூடிப் பஞ்சசீலம் ஏற்று, சிறிது நேரம் தம்மம் பேசிப் பிரிவது வழக்கம். அத்தகைய கூட்டம் ஒன்றின் முடிவில், எல்லாரும் எழுந்துவிட்ட பிறகும் எழாமல் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி கேட்டார்.

'ஐயா, என் மகன் குடித்துவிட்டு வந்து, பெண்டாட்டியை வெட்டிப் போடுவேன் என்கிறான். வெறும் பேச்சு என்று ஆறு மாதம் இருந்துவிட்டேன். இப்போது கொடுவாளைத் தீட்டிப் பரணில் வைத்திருக்கிறான். நான் போய்ச் சொன்னால், பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுத்தவள் என்று ஊர் தூற்றும். சொல்லாமல் இருந்து, நாளைக்கு அந்தப் பெண் போய்விட்டால், அந்தப் பழி யாருக்கு?'

நம்முள் ஒருவர், 'இது குடும்ப விவகாரம், அம்மா. மெல்லச் சொல்லித் திருத்தப் பாருங்கள். பிள்ளைக்கு நல்ல புத்தி வரும்' என்று சொல்லி அனுப்பினார். சொன்னவர் அவர் ஒருவர். வாய் திறவாமல் இருந்தவர்கள் நாம் அனைவரும். அம்மையார் கைகூப்பிவிட்டுச் சென்றார். அவர் தெருமுனை திரும்பிய பின்புதான், நாம் தந்தது விடையே அன்று, அவர் இறக்கி வைக்க வந்த சுமையை மீண்டும் அவர் தலையிலேயே ஏற்றிவிட்ட செயல் என்பது நமக்கு உறைத்தது. இக்கட்டுரை அவருக்கு நாம் பட்ட கடன்.

அவர் கேட்டதைப் பொதுவாக்கிச் சொன்னால் கேள்வி இதுதான்: நம் உறவினர் ஒருவர் பிறருக்குப் பெருந்தீங்கு செய்யப் போகிறார் என்று நமக்குத் தெரிந்தால், அதைத் தடுப்பது நம் கடமையா? கடமை எனின், அது சட்டத்தின் கடமையா, மனச்சான்றின் கடமையா? உறவு என்பது அக்கடமையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா?

இது ஏட்டுக் கேள்வி அன்று. நம் பகுதியிலேயே அண்மைக் காலத்தில் நிகழ்ந்த இரண்டு கொடுமைகளை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2021 ஜனவரி 24 அன்று, அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில், வளர்ந்து படித்த இரு சகோதரிகள் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டனர். பெற்றோர் மீதே கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர். உயர்கல்வி கற்றவர்கள், கல்வித் தொழிலில் இருந்தவர்கள். இறந்த மக்கள் மீண்டும் உயிர் பெற்று எழுவர் என்று அவர்கள் நம்பியிருந்ததாகக் காவல் துறையினர் அப்போது தெரிவித்தனர். பின்னர் அவர்களைத் திருப்பதி ரூயா மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் பரிசோதித்தனர். விசாகப்பட்டினத்து அரசு மனநல மருத்துவமனைக்கும் அவர்கள் அனுப்பப்பட்டனர்.

மற்றொன்று, 2019 ஜூன் மாத இறுதியில் பலமனேர் அருகே ஒரு சிற்றூரில் நிகழ்ந்தது. தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞர் ஒருவரை மணந்துகொண்ட ஒரு பெண், பிள்ளை பெற்றுச் சில நாட்களே ஆகியிருந்த நிலையில் கொல்லப்பட்டாள். அவளைப் பெற்ற குடும்பத்தார் மீதே வழக்குப் பதிவாயிற்று. சாதியின் பெயரால் மகளையும் மாய்க்கலாம் என்னும் மனம் எத்தகையது என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இவ்விரு வழக்குகளிலும் யார் எதை முன்னரே அறிந்திருந்தார் என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலை அன்று; அது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் பொதுவாக ஒன்று சொல்லலாம். மனத்தில் மூண்ட மயக்கம் ஒரே நாளில் முற்றுவதில்லை. சாதிச் சினமும் ஒரே இரவில் வாளாக மாறுவதில்லை. அது வளர்வதை முதலில் காண்பவர்கள் அந்த வீட்டிற்குள் இருப்பவர்களே. அயலாருக்குக் கதவு தெரியும். வீட்டாருக்கே அறை தெரியும். பலர் கூடி ஒரு தீய முடிவுக்கு வரும் வீடுகளில், அதைக் கேட்டு உள்ளம் நடுங்கி, ஆயினும் வெளியே சொல்லத் துணியாத ஒரு சிற்றன்னையோ, ஓர் அண்ணியோ, ஒரு தம்பியோ பெரும்பாலும் இருக்கத்தான் செய்கின்றனர். நம் கேள்வி அவர்களைப் பற்றியது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 'வீட்டு விவகாரத்தில் சட்டத்திற்கு இடமில்லை' என்பதே நம்மவர் பலரின் எண்ணம். அது தவறு. முன்னிருந்த குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதற்கு மாற்றாக வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33ஆம் பிரிவும் ஒரு பொதுக் கடமையை விதிக்கின்றன. அவற்றில் பட்டியலிட்ட கொடுங்குற்றங்களில் ஒன்று நடந்திருப்பதை அறிந்தவர் மட்டும் அல்லர், அதைச் செய்யும் எண்ணம் மற்றொருவருக்கு இருப்பதை அறிந்தவரும், அருகிலுள்ள நீதித்துறை நடுவருக்கோ காவல் அதிகாரிக்கோ உடனே தெரிவித்தல் வேண்டும். அப்பட்டியலில் கொலை உண்டு. தக்க காரணம் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் அக்காரணத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அறிந்தவரையே சாரும். தாய், தந்தை, உடன்பிறந்தார் என்னும் உறவுக்குத் தனி விலக்கு அப்பிரிவில் எழுதப்படவில்லை. தெரிவிக்கக் கடமைப்பட்டவர் வேண்டுமென்றே தெரிவியாதிருந்தால் ஆறு மாதம் வரை சிறை விதிக்கவும் இடமுண்டு.

அதனினும் கடுமையானது வேறொரு பிரிவு. தூக்குத் தண்டனையோ ஆயுள் தண்டனையோ பெறத்தக்க குற்றம் ஒன்றுக்கான திட்டத்தை, மறைப்பதால் அக்குற்றம் எளிதாகும் என்று தெரிந்தே ஒருவர் மறைத்தால், குற்றம் நிறைவேறியவிடத்து ஏழாண்டு வரையிலும், நிறைவேறாவிடத்து மூன்றாண்டு வரையிலும் அவருக்குச் சிறை உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 118ஆம் பிரிவு. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 58ஆம் பிரிவு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டமோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அத்தகைய குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சம் எவருக்கு இருந்தாலும் அவர் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. குற்றவாளி மாமனாகவோ தாத்தாவாகவோ இருப்பது அங்கே பொருட்டன்று. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் பாதுகாவலரையோ வண்டியின் உரிமையாளரையோ குற்றவாளியாகக் கொண்டு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க வேண்டிய முயற்சியெல்லாம் செய்தோம் என்றோ மெய்ப்பித்தால்தான் அவர்களுக்கு விடுதலை.

சட்டம் உறவை எங்குமே மதிக்கவில்லையா எனின், மதிக்கிறது. குற்றம் செய்துவிட்டு ஓடிவந்த கணவனுக்கு மனைவியோ, மனைவிக்குக் கணவனோ புகலிடம் தருவதைச் சட்டம் குற்றமாகக் கொள்வதில்லை. கணவன் மனைவியர் தமக்குள் பேசிக்கொண்டதை வெளியிடுமாறு பொதுவாக அவர்களைக் கட்டாயப்படுத்துவதும் இல்லை. ஆனால் இவ்விலக்குகள் நடந்து முடிந்ததைப் பற்றியவை. நடக்கப் போவதைத் தடுக்கும் கடமைக்கு இவை திரை ஆகா.

பிரெஞ்சு நாட்டுச் சட்டம் இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாக வகுத்துள்ளது. தெரிந்த குற்றத்தை அதிகாரிகளுக்கு அறிவியாமை அங்கே குற்றம். ஆயினும் குற்றவாளியின் பெற்றோர், மக்கள், உடன்பிறந்தார், வாழ்க்கைத் துணைவர் ஆகியோருக்கு அதில் விலக்கு உண்டு. சிறார்க்கு இழைக்கும் குற்றமாயின் அவ்விலக்கு இல்லை. ஆனால் மற்றொரு பிரிவு, ஒருவர் உடலுக்கு நேரவிருக்கும் குற்றத்தைத் தமக்கோ பிறர்க்கோ இடரின்றி உடனே தடுக்கக் கூடியவர் தடுக்காமல் விடுவதைத் தண்டிக்கிறது. இங்கே உறவினர்க்கு விலக்கு இல்லை. அதாவது, 'உன் மகனைப் பற்றிச் சொல்' என்று தாயை அச்சட்டம் வற்புறுத்தாமல் இருக்கலாம். 'உன் மகன் கையைப் பிடி' என்று வற்புறுத்துகிறது. இது ஆழ்ந்து நோக்கத்தக்கது. சொல்லுதல் ஒரு வழி, தடுத்தலே நோக்கம்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆக்ஸ்போர்டு என்னும் ஊரில் 2021 நவம்பர் 30 அன்று பதினைந்து வயது மாணவன் ஒருவன் தன் பள்ளியில் நால்வரைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கியைச் சில நாட்களுக்கு முன் வாங்கியவர் அவன் தந்தை. நிகழ்ச்சிக்குச் சற்று முன், அவன் தாளில் வரைந்திருந்ததைக் கண்டு அஞ்சிய பள்ளியினர் பெற்றோரை அழைத்துக் காட்டினர். அவர்கள் மகனை வீட்டிற்கு அழைத்துச் செல்லவில்லை. 2024இல் தாயும் தந்தையும் தனித்தனியே விசாரிக்கப்பட்டுக் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். இருவருக்கும் பத்து முதல் பதினைந்து ஆண்டு வரை சிறை கிடைத்தது. அவர்கள் கை எவரையும் சுடவில்லை. பிள்ளையின் கையில் படைக்கருவி எட்டும்படி விட்டதும், எச்சரிக்கை கிடைத்தும் அசையாதிருந்ததுமே அவர்கள் குற்றம்.

இதைப் படிக்கும்போது ஓர் அச்சம் எழுவது இயல்பு. ஒருவன் குற்றத்திற்கு அவன் உறவினரைத் தண்டிப்பது எங்கே போய் முடியும்? இந்த அச்சத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. ஏனெனில் நம் நாட்டிலேயே அது நிகழ்ந்திருக்கிறது. 1871இல் ஆங்கிலேயர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. எருகுலர் முதலிய எத்தனையோ எளிய மக்கள், செய்த குற்றத்திற்காக அன்று, பிறந்த குலத்திற்காகவே காவல் நிலையத்தில் கைரேகை வைத்து, ஆள் வருகை காட்டி அலைந்தனர். நாடு முழுவதற்குமாக அச்சட்டம் 1952இல்தான் நீங்கியது. குருதியைக் குற்றமாக்கிய கொடுமை அது. பிறப்பால் ஒருவனுக்கு இழிவு இல்லை என்று கொண்ட நாம், பிறப்பால் ஒருவனுக்குப் பழி உண்டு என்பதை எப்படி ஏற்க முடியும்?

ஏற்க முடியாது, ஏற்கவும் வேண்டா. மேலே கண்ட சட்டங்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவை உறவைத் தண்டிக்கவில்லை. அறிவைக் கேள்வி கேட்கின்றன. 'நீ அவன் தாயா?' என்பது அன்று அவற்றின் வினா. 'உனக்குத் தெரியுமா? தெரிந்தபின் உன்னால் ஆனதைச் செய்தாயா?' என்பதே வினா. ஒன்றும் அறியாத தாய்க்கு மகன் செய்த கொலையில் பங்கில்லை. அறிந்தும் அசையாத அயலானுக்கு உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் குருதியைப் பார்த்தது. நேரிய சட்டம் அறிவையும் ஆற்றலையும் பார்க்கிறது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதவரை நமக்கு அச்சம் இல்லை.

ஆயினும் சட்டத்திற்கு ஓர் எல்லை உண்டு. 1837இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவை ஆக்கிய மெக்காலே, செயலாற்றாமை எப்போது குற்றமாகும் என்பதை விளக்க ஓர் ஆற்றைக் காட்டினார். வெள்ளம் பெருகிய ஆற்றில் ஒருவன் அறியாமல் இறங்கப் போகிறான், அதை அறிந்த மற்றொருவன் எச்சரிக்கவில்லை, இறங்கியவன் இறக்கிறான். எச்சரிக்கவென்றே அரசு நிறுத்திய சேவகன் அவ்வாறு வேண்டுமென்றே வாளாவிருந்தால் அது கொலை. கூலி பேசி வழிகாட்ட வந்தவனாயினும் கொலை. மனிதத்தன்மை என்பதைத் தவிர வேறு கடப்பாடு இல்லாத வழிப்போக்கனாயின், அது கொலை அன்று. மெக்காலே அவனை நல்லவன் என்று சொல்லவில்லை. தீமை முழுவதையும் சட்டத்தின் கயிற்றால் கட்டிவிட முடியாது என்றே கருதினார்.

சுவர்ணமுகியில் திடீரென வெள்ளம் புரள்வதைக் கண்ட திருப்பதி மக்களுக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். ஆனால் நம் அம்மையாரின் வீட்டில் நிலைமை இன்னும் கடினமானது. அங்கே இறங்கப் போகிறவள் மருமகள். வெள்ளமோ தாம் பெற்ற மகன். தாய் அக்கரையில் நிற்கும் வழிப்போக்கர் அல்லர். ஆற்றின் ஆழமும் அது பெருகும் வேளையும் அவருக்குத் தெரியும். எந்தச் சொல்லுக்கு அவனுக்குச் சினம் மூளும், எத்தனை மணிக்குக் குடித்துவிட்டு வருவான், வாள் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவர் ஒருவரே அறிந்தவை. அறிவு மிகுந்தவிடத்துக் கடமையும் மிகும். ஆதலின் உறவு கடமையைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. குருதி அதற்குக் காரணம் அன்று. உறவு தரும் நெருக்கமே காரணம்.

இனித் தம்மத்தின் பக்கம் வருவோம். சிகாலன் என்னும் இளைஞனுக்குப் பகவன் புத்தர் இல்லறக் கடமைகளை விளக்கியதைத் தீக நிகாயம் கூறுகிறது. பெற்றோர் மக்களுக்குச் செய்யவேண்டியவை ஐந்து என்கிறார். தொழில் பயிற்றுவதும், தக்க மணம் செய்விப்பதும், உரிய காலத்தில் உடைமையை ஒப்படைப்பதும் அவற்றுள் உண்டு. ஆனால் இவை அனைத்திற்கும் முன்னே, முதற் கடமையாக அவர் வைத்தது எது? மக்களைத் தீமையினின்று தடுத்தல். உணவு ஊட்டுதல் என்று தொடங்கவில்லை. செல்வம் சேர்த்தல் என்றும் தொடங்கவில்லை. நல்ல நண்பனின் இலக்கணம் கூறுமிடத்தும் தீமையினின்று தடுப்பதையே முன்னே வைக்கிறார். நாமோ பிள்ளையின் தவற்றை மூடி மறைப்பதையே பாசம் என்று பழகிவிட்டோம்.

சுத்தநிபாதத்தில் உள்ள தம்மிக சுத்தத்தில், இல்லறத்தார்க்கு முதற் சீலத்தை விரிக்கும்போது மூன்று படிகள் சொல்லப்படுகின்றன: கொல்லாமை, கொல்லுவியாமை, பிறர் கொல்வதற்கு உடன்படாமை. மூன்றாவது படியை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. வாய்மூடி இருத்தல் எல்லாம் உடன்பாடு ஆகிவிடாதுதான். அச்சத்தால் மூடிய வாய் உண்டு. வழி தெரியாமல் மூடிய வாய் உண்டு. ஆனால் வழியும் தெரிந்து, தன்னுயிர்க்கு இடரும் இல்லாதபோது, 'ஊர் என்ன சொல்லும்' என்பதற்காக மட்டும் மூடிய வாய், கொலைக்குக் கதவைத் திறந்து வைக்கிறது.

'அவரவர் வினை அவரவர்க்கு. மகன் வினைக்கு மகனே உரியவன். இதில் தாய் ஏன் தலையிட வேண்டும்?' என்று நம்மவர் சிலர் கேட்கக்கூடும். வினைக்கொள்கையை இவ்வாறு சோம்பலுக்குத் துணையாக்குவது பெருந்தவறு. மனத்தில் எழும் எண்ணமே வினை என்பது ததாகதர் வாக்கு. எனின், 'எனக்குத் தெரியும். நான் சொல்லேன்' என்று ஒரு தாய் தன் மனத்துள் செய்யும் முடிவும் ஒரு வினையே. அது மகன் கணக்கில் சேராது. தாயின் கணக்கில்தான் சேரும்.

உறவினர் விஷயத்தில் பகவன் எப்படி நடந்தார் என்பதற்கும் நம் நூல்களில் சான்று உண்டு. கோசல மன்னனுக்குச் சாக்கியர் தம் குலப்பெண் என்று ஓர் அடிமைப் பெண்ணின் மகளை மணமுடித்தனர். அவள் வயிற்றில் பிறந்த விடூடபன் சாக்கியர் நகரம் வந்து சென்றபோது, அவன் அமர்ந்த இருக்கையைப் பால் விட்டுக் கழுவினர். அந்தச் சாதிச் செருக்கே போராக மூண்டது. விடூடபன் படையோடு புறப்பட்டபோது, பகவன் எல்லையில், நிழல் இல்லாத ஒரு மரத்தின் கீழ் சென்று அமர்ந்தார். நிழல் மரத்தை விட்டு இங்கே ஏன் இருக்கிறீர் என்று அவன் வினவ, உற்றார் நிழலே தமக்குக் குளிர்ச்சி என்றார். அவன் திரும்பினான். இவ்வாறு மும்முறை தடுத்தார் என்று தம்மபத உரை கூறுகிறது. நான்காம் முறை அவர் செல்லவில்லை, சாக்கியர் அழிந்தனர்.

இக்கதையில் நாம் கொள்ளவேண்டியவை இரண்டு. விடூடபனும் ஒருவகையில் சாக்கியர்க்கு உறவினனே. ஆகவே பகவன் நின்றது உறவினர்க்கும் உறவினர்க்கும் இடையில். யாரையும் அவர் காட்டிக் கொடுக்கவில்லை. இடையில் போய் அமர்ந்தார். இது ஒன்று. தடுத்தவர் எப்போதும் வெல்வதில்லை என்பது மற்றொன்று. வெல்லாமற் போகலாம் என்பதற்காக முதன்முறை போகாமல் இருக்க அவர் எண்ணவில்லை.

நம் தமிழ்க் காப்பியமாம் மணிமேகலையிலும் இவ்வினா வருகிறது. அரசன் மகன் உதயகுமரன் துறவு பூண்ட மணிமேகலையை விடாது தொடர்ந்து, இறுதியில் காஞ்சனன் என்னும் விஞ்சையனின் வாளால் மடிகிறான். முனிவர் அதை அரசனுக்கு அறிவித்தபோது, மகனுக்குத் தான் செய்திருக்க வேண்டிய முறையை விஞ்சையன் செய்துவிட்டான் என்ற கருத்துப்பட அரசன் கூறுகிறான். மகனையே முறை செய்த மன்னன் வழியில் இவன் பிறந்தானே என்றும் நோகிறான். நீதி வழுவாத சொல்தான். ஆயினும் அது காலம் கடந்த சொல். உதயகுமரனின் வேட்கை ஊரறிந்தது, அரசன் மகன் உயிரோடு இருந்தபோதே அவனைத் தடுத்திருந்தால், காஞ்சனன் வாளுக்கு வேலை இருந்திராது, மகனும் பிழைத்திருப்பான். தடுத்தல் பிறரைக் காப்பது மட்டும் அன்று. தீங்கு செய்ய முனைந்தவனையும் அதுவே காக்கிறது. அங்குலிமாலனை வழிமறித்தவர் அவனுக்குப் பகைவரா?

எனவே 'காட்டிக் கொடுத்தல்' என்ற சொல்லையே நாம் மாற்றியாக வேண்டும். தன் நலத்திற்காக ஒருவனை அவன் பகைவர் கையில் ஒப்படைப்பதே காட்டிக் கொடுத்தல். கொலைகாரன் ஆகாமல் ஒருவனைத் தடுத்து நிறுத்துவது காத்தல். முன்னது அவனை இழப்பது. பின்னது அவனை மீட்பது.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஓர் உண்மையை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். நம்மவர்க்குக் காவல் நிலையம் என்றாலே அச்சம். அந்த அச்சத்திற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளையைப் பற்றி ஒரு சொல் சொன்னால், அவன் அடிபட்டுத் திரும்புவானோ, சம்பாதிக்கும் கை ஒன்று போய்விடுமோ என்று தாய் அஞ்சுவது இயல்பு. அவ்வச்சத்தைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் மௌனம் ஒருபுறம், சிறை ஒருபுறம் என்று இரண்டே வழிகள் இருப்பதாக எண்ணுவது தவறு. இடையில் பல படிகள் உண்டு.

முதற்படி, தீங்குக்கு இலக்கானவரை எச்சரித்து இடம் மாற்றுதல். இதற்கு எந்த அதிகாரியும் வேண்டா. அடுத்தது, கருவியை அப்புறப்படுத்துதல். மூன்றாவது, 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். வன்முறை நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்கு இல்லை. இதன் வழியே நீதிமன்றம் முதலில் தருவது பாதுகாப்பு ஆணை, தண்டனை அன்று. நான்காவது, அமைதி குலையும் என்ற தகவல் கிடைத்தால், நிர்வாக நடுவர் ஒருவனை அழைத்து, ஓராண்டு வரை அமைதி காப்பதாகப் பிணைமுறி எழுதி வாங்கலாம். ஐந்தாவது, மனம் நோயுற்றவராயின் மருத்துவமனை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் உரிமைகளைக் காத்தே சிகிச்சைக்கு வழி வகுக்கிறது. 14416 என்னும் எண்ணில் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. பேயென்றும் தெய்வமென்றும் சொல்லி நாட்களைக் கடத்துவதற்கு முன் அந்த எண்ணை அழைக்கலாம். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று சங்கிலியால் கட்டுண்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியதை நாம் மறக்கலாகாது. உறவினரைக் கட்டிப்போடுவது தடுத்தல் ஆகாது. சாதி கடந்து மணந்தோர்க்கு ஆபத்து வருமிடத்தில், மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைத்துக் காக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 27 அன்று ஆணையிட்டுள்ளது. உயிர்க்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் படிகளை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது; 112ஐ அழைத்துவிட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். ஐயம் வேறு, அறிவு வேறு. சினத்தில் ஒருவன் ஒருமுறை சொன்ன சொல்லை வைத்துக்கொண்டு அவனைக் கொலையாளி என்று பறைசாற்றுவது வாய்ச்சீலத்திற்கே கேடு. சொத்துப் பகைக்காக உறவினர் மீது பொய் சொல்லுவோரும் உளர். சொல் மீண்டும் மீண்டும் வருகிறதா, சொல்லோடு கருவியும் சேர்ந்ததா, குறித்த ஒருவர்மேல் அது பாய்கிறதா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இம்மூன்றும் கூடியபின் காத்திருப்பது பொறுமை அன்று.

அம்மையாரின் வீட்டில் இம்மூன்றும் கூடியிருந்தன. ஆதலின் மறுநாட் காலையில் நம்மவர் இருவர் அவர் வீடு தேடிச் சென்றனர். முன்னாள் மாலை நாம் சொன்னது பிழை என்று முதலில் ஒப்புக்கொண்டனர். பிறகு அவரே முடிவு செய்தார். மருமகளைப் பிள்ளைகளோடு அவள் தாய்வீட்டிற்கு அன்றே அனுப்பினார். கொடுவாளைத் தம் கையாலேயே எடுத்துவந்து ஒப்படைத்தார். நம்மவர் துணையோடு பாதுகாப்பு அலுவலரிடம் சென்று எழுதிக் கொடுத்தார். மகனைக் குடிநோய்ச் சிகிச்சைக்குச் சேர்க்க மூன்று முறை முயன்று, மூன்றாம் முறை அவன் இசைந்தான்.

இது இனிய முடிவு என்று நாம் எழுதவில்லை. மகன் இன்றளவும் தாயோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தெருவில் சிலர் அவரைச் சுட்டிப் பேசுகின்றனர். சென்ற பௌர்ணமியன்று அவர் வந்து, வழக்கமான இடத்திலேயே அமர்ந்தார். 'மனம் எப்படி இருக்கிறது, அம்மா?' என்று கேட்டோம். 'வலிக்கிறது, ஐயா. ஆனால் அவன் கை சுத்தமாக இருக்கிறது. அந்தப் பெண்ணும் இருக்கிறாள். அவன் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, வெளியில் இருக்கிறானே' என்றார்.

அன்பர்களே, அவர் அன்று கேட்ட கேள்விக்கு விடை தர வேண்டியவர்கள் நாம். விடையை வாழ்ந்து காட்டியவர் அவர். நம் வீடுகளிலும் நாளை இக்கேள்வி எழலாம். எழும்போது, 'குடும்ப விவகாரம்' என்று சொல்லி எழுந்துவிடாமல், கேட்பவர் அருகில் சற்று நேரம் உட்காருவோமாக. தீமையினின்று தடுத்தலே பெற்றோரின் முதற் கடமை என்றால், தடுக்கத் துணிந்த தாயைத் தனியே விடாமை சங்கத்தாரின் முதற் கடமை.